அறிவும் அறனும்: பிறெக்ற்றின் ‘கலிலியோ’ நாடகம் குறித்து ஒரு நோக்கு

பகுத்தறிவு என்னும் சொல் தமிழ்ச் சூழலில் ஒரு வரலாற்றுச் சுமையுடன் வழங்கி வருவது. 1925இல் தோன்றிய சுயமரியாதை இயக்கத்தின் பின்னர், மூடநம்பிக்கையை மறுத்தல், சாத்திரங்களின் அதிகாரத்தை வினவுதல், பிறப்பினால் வரும் உயர்வு தாழ்வை நிராகரித்தல் என்பனவே அச்சொல்லின் முதன்மைப் பொருளாக நிலைபெற்றன. இப்பொருள் பெறுமதி மிக்கதே. ஆயின், பொய்யை இனங்கண்டு விலக்கும் அறிவு, அவ்வாறு விலக்கிய பின்னர் மனிதன் எவ்வாறு வாழவேண்டும் என்பதையும் கூற வல்லதா? விஞ்ஞானத்தில் வெற்றி கண்ட நியாயித்தல் முறை ஒழுக்கத்துறையிலும் செல்லுபடியாகுமா? அன்றி, அங்கு அது வெறுங் கருவியாகி நல்லோர்க்கும் தீயோர்க்கும் ஒருசேரப் பணிபுரியுமா? இவ்வினாக்களை மேடையில் நிறுத்தி ஆராய்ந்த நாடகங்களுள் பேர்டோல்ட் பிறெக்ற் (1898 - 1956) எழுதிய ‘கலிலியோவின் வாழ்க்கை’ தலையாயது. அந்நாடகம் தரும் விடையையும், அவ்விடையின் போதாமையையும் நோக்குவது இக்கட்டுரையின் பொருளாகும்.

இந்நாடகம் ஒருமுறை எழுதி முடிக்கப்பட்டதன்று. ஹிட்லரின் ஜேர்மனியை விட்டகன்று டென்மார்க்கில் வாழ்ந்த பிறெக்ற், 1938ஆம் ஆண்டின் இறுதியில் இதன் முதல் வடிவத்தை எழுதினார். அது 1943இல் சூரிச் நகரில் அரங்கேறியது. பின்னர் அமெரிக்காவில் நடிகர் சார்ள்ஸ் லோட்டனுடன் இணைந்து ஆங்கில வடிவமொன்றை உருவாக்கிக் கொண்டிருந்த வேளையிலேயே, 1945 ஆகத்து 6ஆம் நாள் ஹிரோஷிமா மீது அணுகுண்டு வீசப்பட்டது. இரண்டாம் வடிவம் 1947இல் மேடையேறியது. மூன்றாவது வடிவத்தை 1955இன் இறுதி முதல் கிழக்குப் பேர்லினில் அவர் ஒத்திகை பார்த்து வந்தார். 1956இல் அவர் மறைந்தமையால், 1957 சனவரியில் பேர்லினர் என்சாம்பிள் குழுவினர் அதனை மேடையேற்றினர். முதல் வடிவத்தில் அதிகாரத்தை ஏய்த்து உண்மையைக் காப்பாற்றும் தந்திரசாலியாக அமைந்த கலிலியோ, பின்னைய வடிவங்களில் தன்னைத்தானே குற்றவாளியெனத் தீர்ப்பிடுபவனாக மாறுகின்றான். கதை மாறவில்லை; கதையின் மீதான ஒழுக்கத் தீர்ப்பே மாறியது. ஓர் எழுத்தாளன் தன் முன்னைய முடிவைப் புதிய சான்றின் முன் வைத்துத் திருத்திக்கொண்ட செயல் இது. இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு இது முக்கியமாதலின் மனங்கொள்ளத்தக்கது.

விஞ்ஞான நியாயம் என்பது யாது என்பதை நாடகத்தின் முதற் காட்சியே தெளிவாக்கிவிடுகின்றது. வீட்டுப் பணிப்பெண்ணின் மகனாகிய சிறுவன் அந்திரேயாவை ஒரு கதிரையில் அமர்த்தி, முகங்கழுவும் தாங்கியைச் சூரியனாகக் கொண்டு, கதிரையோடு அவனைத் தூக்கிச் சுழற்றிக் கொப்பனிக்கஸின் கொள்கையைக் கலிலியோ விளக்குகிறான். அறிவு இங்கு குருவின் வாக்காக வழங்கப்படவில்லை. சிறுவன் தன் கண்ணால் கண்டு, தானே மறுத்து, தானே ஏற்கும் ஒன்றாக அமைகின்றது. புளோரன்சு அரண்மனைக் காட்சி இதன் மறுபக்கம். வியாழனைச் சுற்றும் துணைக்கோள்களைத் தொலைகாட்டியூடாகப் பார்க்குமாறு கலிலியோ வேண்டுகிறான். அரசவைத் தத்துவஞானியும் கணிதஞானியும் பார்க்க மறுத்து, அத்தகைய கோள்கள் இருத்தல் சாத்தியமா, அவசியமா என முதலில் விவாதிக்க வேண்டும் என்கின்றனர். அவர்கள் மூடரல்லர், தருக்கம் கற்றவர்கள். ஆயின், தமது முடிவு பிழைபடக்கூடிய இடத்தில் அதனை நிறுத்தி வைக்க அவர்கள் அஞ்சுகின்றனர். பகுத்தறிவின் எதிர்ப்பதம் அறியாமையன்று, சோதனைக்கு உட்பட மறுத்தலே என்பது இக்காட்சியாற் புலனாகின்றது. கண்ணாடி தேய்க்கும் தொழிலாளியான பெடர்சோனிக்கு இலத்தீன் தெரியாது. அவனும் விளங்கிக்கொள்ளும் பொருட்டு விவாதம் மக்கள் மொழியில் நடைபெற வேண்டுமெனக் கலிலியோ கேட்கின்றான். வரலாற்றுக் கலிலியோவும் தன் பெருநூலை இலத்தீனிலன்றி இத்தாலிய மொழியிலேயே எழுதினான்.

இவ்விடத்தில் நாடகத்தின் மீது முதலாவது விமர்சனத்தை முன்வைத்தல் வேண்டும். பிறெக்ற்றின் அரங்கில் உண்மை முழுவதும் கலிலியோவின் பக்கத்திலும், பிடிவாதம் முழுவதும் எதிரிகளின் பக்கத்திலும் நிற்பதான தோற்றம் அடிக்கடி உண்டாகின்றது. வரலாறு இதனினும் சிக்கலானது. கருதினால் பெலார்மீன் 1615இல் எழுதிய கடிதமொன்றில், பூமி இயங்குகின்றது என்பதற்கு மெய்யான நிரூபணம் கிடைக்குமாயின் வேதவாக்கியங்களுக்குப் பொருள்கொள்வதிற் பெருங்கவனம் வேண்டும் எனவும், அத்தகைய நிரூபணத்தைத் தாம் இதுவரை கண்டதில்லை எனவும் குறிப்பிட்டார். கலிலியோவிடம் அந்நிரூபணம் இருக்கவில்லை. 1632இல் வெளிவந்த நூலில் தன் தலையாய சான்றாக அவன் முன்வைத்த கடல் வற்றுப்பெருக்குக் கொள்கை தவறானது. பூமி சூரியனைச் சுற்றுமாயின் நட்சத்திரங்களின் நிலையில் ஆண்டுதோறும் காணப்பட வேண்டிய மிகச் சிறிய இடமாற்றத்தைப் பெசல் என்ற வானியலாளர் 1838ஆம் ஆண்டிலேயே அளந்து வெளியிட்டார். இருநூறு ஆண்டுகள் கடந்தே அச்சான்று கிட்டியது.

அவ்வாறாயின் கலிலியோ பகுத்தறிவுக்கு முரணாக நடந்தான் எனலாமா? அவ்வாறன்று. சரியான முடிவை வைத்திருத்தல் பகுத்தறிவாகாது. முடிவைத் திருத்தக்கூடிய வழியைத் திறந்து வைத்திருத்தலே பகுத்தறிவு. கலிலியோவின் வற்றுப்பெருக்குக் கொள்கை தவறென்பதைப் பிற்காலத்தார் கண்டறிந்ததும் அவன் பயன்படுத்திய அதே முறையாலேயாம். பெலார்மீனோ சான்று கேட்டார். ஆனால் அவர் சார்ந்த நிறுவனம் 1616இல் கொப்பனிக்கஸின் நூலைத் திருத்தப்படும்வரை நிறுத்தி வைத்ததன் மூலம் அச்சான்றைத் தேடும் வழியையே அடைத்தது. சான்று கேட்பது நியாயம். சான்று தேடுவதைத் தடுத்துக்கொண்டு சான்று கேட்பது நியாயமன்று. பிறெக்ற் இவ்வேறுபாட்டைத் துலக்கியிருப்பாராயின் நாடகம் மேலும் வலுப்பெற்றிருக்கும்.

ஒழுக்கவியல் நோக்கில் நாடகத்தின் இதயமாக அமைவது சிறிய துறவி என்னும் பாத்திரம் தோன்றும் காட்சியாகும். இத்துறவி வானியல் கற்றவன்; வியாழனின் துணைக்கோள்களைத் தானே கண்டவன். எனினும் அவ்வாய்வைக் கைவிட எண்ணுகின்றான். கம்பானியாப் பகுதியில் உழுது வாழும் அவனுடைய பெற்றோரின் வறுமைக்கு ஒரேயொரு ஆறுதல், கடவுளின் கண் தம்மீது உண்டு, தமது துயருக்கு அண்டத்தின் நடுவே ஒரு பொருள் உண்டு என்ற நம்பிக்கையே. அவர்கள் வாழ்வது வெறுவெளியிற் சுழலும் ஒரு சிறு கல்லின்மீது என்று கூறினால் அவர்களின் பசிக்கு என்ன பொருள் எஞ்சும் என அவன் வினவுகின்றான். இது மூடத்தனத்தின் குரலன்று, அன்பின் குரல். உண்மையைச் சொல்லுதல் எப்போதும் நன்றா என்ற, ஒழுக்கவியலின் மிகக் கடினமான வினா இதுவேயாம்.

கலிலியோவின் மறுமொழி இரு பகுதிகளாக அமைகின்றது. அவர்களின் வறுமை வானத்தின் அமைப்பினால் உண்டானதன்று. போர்களுக்குப் பணம் அறவிடுவோரால் உண்டானது என்பது முதலாவது. அவர்களது பொறுமையைப் போற்றுவோர் அவர்களுக்கு நீர்ப்பாசனப் பொறியை ஏன் வழங்குவதில்லை என்பது இரண்டாவது. துயருக்குப் பொருள் தேடித் தருவதைவிடத் துயரின் காரணத்தைக் காட்டித் தருவதே மேலான இரக்கம் என்ற இம்மறுமொழி வலுவானது. ஆயினும் துறவியை இறுதியில் வென்றது இந்நியாயமன்று. கலிலியோ கையெழுத்துச் சுவடியொன்றை அவன்முன் எறிய, அவன் தன்னை மறந்து அதனைப் படிக்கத் தொடங்குகின்றான். அறிவுப் பசி ஒழுக்க வினாவை விழுங்கிவிடுகின்றது. நாடகாசிரியர் இதனை அறிந்தே அமைத்தார் எனலாம். ஏனெனில் இதே பசியே பின்னர் கலிலியோவின் வீழ்ச்சிக்கும் காரணமாகின்றது. பெற்றோரின் வினா விடை பெறாமலே மேடையில் எஞ்சி நிற்கின்றது.

நாடகத்தில் விடை பெறாத இன்னொருத்தியும் உளள். கலிலியோவின் மகள் வெர்ஜீனியா ஒரு காலைப் பொழுதிற் புதிய தொலைகாட்டியூடாகத் தானும் பார்க்கலாமா எனக் கேட்கின்றாள். அது விளையாட்டுப் பொருளன்று எனத் தந்தை தட்டிக்கழிக்கின்றான். பார்க்க மறுத்த அறிஞர்களைச் சாடுபவன், பார்க்க விரும்பிய மகளை மறுக்கின்றான். பின்னர் சூரியப் புள்ளிகள் பற்றிய ஆய்வைத் தந்தை மீண்டும் தொடங்கியபோது, அவளுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த திருமணம் குலைகின்றது. விலை செலுத்தியவள் அவள். அவளுடைய சம்மதம் கேட்கப்படவில்லை. வரலாற்று வெர்ஜீனியா இளமையிலேயே கன்னியர் மடத்திற் சேர்க்கப்பட்டு, சகோதரி மரியா செலஸ்தே என்ற பெயருடன் தந்தைக்குக் கடிதங்கள் எழுதி, 1634இல் மறைந்தவள். வரலாற்றை மாற்றியமைத்த பிறெக்ற் அவளைப் பக்தி நிறைந்த பேதையாகவே வார்த்துள்ளார். சிறுவன் அந்திரேயாவுக்குக் கிடைத்த கதிரை அவளுக்குக் கிடைக்கவில்லை என்பதை நாடகம் காட்டுகின்றது; ஆயினும் அதனைக் கலிலியோவின் குற்றப்பட்டியலிற் சேர்க்கவில்லை. அறிவு எல்லோர்க்கும் உரியது என்னும் கொள்கையைச் சொந்த வீட்டின் வாசற்படியில் நிறுத்திவிடுவது எக்காலத்துக்கும் உரிய குறைபாடாகும்.

கருவியாகிவிட்ட அறிவின் இயல்பை, பாப்பரசர் உடையணியும் காட்சி துலாம்பரமாக்குகின்றது. எட்டாம் உர்பன் கணிதம் அறிந்தவர். கணக்கு வாய்பாட்டை உடைக்கத் தம்மால் இயலாதெனத் தொடக்கத்தில் மறுக்கின்றார். ஒவ்வோர் ஆடையாக அணிவிக்கப்பட அவரது மறுப்பும் தளர்கின்றது. கடலோடி நகரங்கள் கலிலியோவின் விண்மீன் வரைபடங்களைக் கேட்கின்றன என விசாரணைத் தலைவர் கூற, கொள்கையைக் கண்டித்துவிட்டு அதன்வழி வந்த வரைபடங்களை எடுத்துக்கொள்வது எங்ஙனம் எனப் பாப்பரசர் வினவுகின்றார். ஏன் இயலாது என்பதே விசாரணைத் தலைவரின் விடை. பயனை வைத்துக்கொண்டு வினாவை எறிந்துவிடும் இம்மனப்பாங்கே நவீன அதிகாரத்தின் மனப்பாங்குமாகும். இலக்கு எதுவாயினும் அதற்கேற்ற வழியைக் கணித்துத் தரும் அறிவை, இலக்கின் பெறுமதியையே வினவும் அறிவிலிருந்து சமூகவியலாளர் மக்ஸ் வேபர் பிரித்துக் காட்டினார். 1917இல் நிகழ்த்திய உரையொன்றில், எவ்வாறு வாழவேண்டும் என்ற வினாவுக்கு விஞ்ஞானம் விடை தராது என்றும் அவர் வலியுறுத்தினார். அவருக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் முன்னரே, இருப்பதைக் கூறும் வாக்கியங்களிலிருந்து இருக்கவேண்டியதைக் கூறும் வாக்கியத்துக்குத் தாவுவது எங்ஙனம் என டேவிட் ஹியூம் ஐயம் எழுப்பியிருந்தார். இவ்வையம் நியாயமானது. எனினும் இதிலிருந்து, ஒழுக்கத்தில் அறிவுக்கு இடமே இல்லை, அங்கு விருப்பும் வெறுப்புமே ஆள்கின்றன என்று முடிவு செய்வோமாயின், விசாரணைத் தலைவரின் வாதத்துக்கு மறுமொழி கூற எவராலும் இயலாது போகும்.

கலிலியோ 1633 யூன் 22ஆம் நாள் தன் கொள்கையை மறுதலித்தான். அப்போது அவனுக்கு வயது அறுபத்தொன்பது. நாடகத்தில் பல ஆண்டுகளின் பின் அந்திரேயா அவனைக் காண வருகின்றான். காவலிலிருந்தவாறே இரகசியமாக எழுதிய நூலின் பிரதி பூகோள உருண்டையினுள் மறைந்திருப்பதை அறிந்ததும், குருவின் மறுதலிப்பைத் தந்திரமென மகிழ்ந்து, விஞ்ஞானத்துக்குப் பங்களிப்பு ஒன்றே விதி என்னும் புதியதோர் ஒழுக்கத்தை அவன் அதிற் காண்கின்றான். முதல் வடிவத்துக் கலிலியோ இப்பொருளுக்கு இடந்தந்தான். பின்னைய வடிவத்துக் கலிலியோ அதனை நிராகரிக்கின்றான். தான் மறுதலித்தது திட்டமிட்டன்று, உடல்வேதனைக்கு அஞ்சியே என்கின்றான். தன் அறிவை, பயன்படுத்தவோ துஷ்பிரயோகம் செய்யவோ ஆட்சியாளரிடம் ஒப்படைத்துவிட்டதாகத் தன்மீது குற்றஞ் சாட்டுகின்றான். மருத்துவர் ஏற்கும் சத்தியத்தைப் போல, அறிவை மனித நலனுக்கே பயன்படுத்துவோம் என்ற சத்தியமொன்று விஞ்ஞானிகளிடையே உருவாகியிருக்கலாம் என்றும் வருந்துகின்றான். நல்லுணவை நயப்பது போலச் சிந்தனையை நயந்தவன் அவன். அதே உடல்தான் வேதனைக்கும் அஞ்சியது. அறிவை உடலற்ற ஒளியாகக் காட்டாது, பசியும் அச்சமும் கொண்ட ஒரு மனிதனின் தொழிலாகக் காட்டியமை பிறெக்ற்றின் பெருஞ் சாதனை.

ஆயின் இங்கேயே இரண்டாவது விமர்சனம் எழுகின்றது. கலிலியோவின் குற்றத்தை நவீன இயற்கை விஞ்ஞானங்களின் ஆதிப்பாவமாகக் கொள்ளலாம் என்பது பிறெக்ற் தன் குறிப்புகளில் வெளியிட்ட கருத்து. அணுகுண்டு அப்பாவத்தின் விளைவாக அவருக்குத் தோன்றியது. இக்காரண காரியத் தொடர்பு ஏற்கத்தக்கதன்று. அணுகுண்டை உருவாக்கியோர் சித்திரவதைக் கருவிகளைக் கண்டு பணிந்த கோழைகளல்லர். 1938இன் இறுதியில் பேர்லினில் அணுக்கருப் பிளவு கண்டறியப்பட்டதன் பின், ஹிட்லர் முந்திக்கொள்வான் என்ற நியாயமான அச்சமே அவர்களுட் பலரை அப்பணியில் ஈடுபடுத்தியது. அவர்களின் தொடக்கம் பகுத்தறிவுக்கு முரணானதன்று. முரண் தோன்றியது பின்னரே. 1944இன் இறுதியில், ஜேர்மனி அணுகுண்டுத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டது என அறிந்ததும் யோசப் றொட்பிளட் என்ற பௌதிகவியலாளர் லொஸ் அலமோசை விட்டு விலகினார். 1945 மே மாதம் ஜேர்மனி சரணடைந்தது. அதன் பின்னரும் பணி நிற்கவில்லை. யூன் மாதத்திற் சிக்காகோவில் யேம்ஸ் பிராங்க் தலைமையிலான விஞ்ஞானிகள் குழு, மக்கள் வாழும் நகரின்மீது முன்னறிவித்தலின்றிக் குண்டை வீசலாகாது என அறிக்கை சமர்ப்பித்தது, அது ஏற்கப்படவில்லை.

றொட்பிளட் செய்தது யாது? ஒரு கருதுகோளின் அடிப்படையிற் பணியை ஏற்றார். அக்கருதுகோள் பொய்த்தபோது பணியைத் துறந்தார். இது ஆய்வுகூடத்தில் விஞ்ஞானி செய்யும் அதே செயலாகும். ஏனையோர் ஆய்வுகூடத்தினுள் ஒவ்வொரு நாளும் தம் முடிவுகளைத் திருத்தினர். ஆனால் ஏன் இதனைச் செய்கின்றோம் என்ற வினாவை ஒருமுறை விடை கண்டதென மூடி வைத்தனர். எனவே விஞ்ஞானத்துக்கு ஓர் அறிவு, ஒழுக்கத்துக்கு வேறோர் உணர்வு என்ற பிரிவினையே ஆபத்தின் ஊற்று எனக் கொள்ளவேண்டும். வானத்தின் உண்மையிலிருந்து ஒழுக்கத்தை வருவிக்க இயலாது என்பதில் ஹியூம் சரியானவர். ஆயினும் ஒழுக்க முடிவொன்றும் காரணங்களின் மீதே நிற்பது. அக்காரணங்கள் மாறும்போது மீள்பரிசீலனை கோருவது. அம்முடிவாற் பாதிக்கப்படுவோரின் முன் நியாயப்படுத்தப்பட வேண்டியது. தொலைகாட்டியூடாகப் பார்க்க மறுத்தல் விஞ்ஞானக் குற்றமாயின், தன் செயலின் விளைவைப் பார்க்க மறுத்தல் ஒழுக்கக் குற்றமாகும். இரண்டும் ஒரே மறுப்பின் இரு வடிவங்களே.

நாடகத்தின் மௌனம் ஒன்றையும் சுட்டாது விடுதல் நேர்மையாகாது. அறிவை ஆளும் வர்க்கத்திடம் ஒப்படைத்ததே தீங்கு என்பது பிறெக்ற்றின் நிலைப்பாடு. அறிவாற் பயன்பெறுவோர் யார் என்ற வினாவை அவர் கூர்மையாக்கியமை விதந்து கூறத்தக்கது. ஆயின் மக்களின் பெயரால் நடைபெற்ற ஆட்சியிலும் விசாரணை மன்றங்கள் இருந்தன. சோவியத் மரபியல் அறிஞர் நிக்கொலாய் வவிலோவ் தன் விஞ்ஞானத்தைக் கைவிட மறுத்து, 1943இற் சராத்தோவ் நகரச் சிறையில் உயிர்துறந்தார். 1948இல் லைசென்கோவின் கொள்கையே அரச அங்கீகாரம் பெற்று, மரபியல் கண்டிக்கப்பட்டது. 1949இல் அந்நாடும் அணுகுண்டைப் பரீட்சித்தது. கிழக்குப் பேர்லினில் ஒத்திகை நடத்திய பிறெக்ற்றின் மூன்றாம் வடிவம் இவற்றைப் பற்றி எதுவும் கூறவில்லை. கலிலியோவின் மௌனத்தை இத்துணைக் கடுமையாகத் தீர்ப்பிட்ட நாடகத்தை எழுதியவரும் சில இடங்களில் மௌனம் காத்தார் என்பது அவரைச் சிறுமைப்படுத்தக் கூறப்படுவதன்று. நாடகத்தின் அளவுகோல் எவரையும் விட்டுவைப்பதில்லை என்பதற்கே கூறப்படுகின்றது. ஒரு தனிமனிதனின் தைரியத்தில் மட்டும் உண்மையின் பாதுகாப்பை வைக்கும் சமுதாயம் பாதுகாப்பான சமுதாயமன்று. வவிலோவ் பணியவில்லை; அதனால் மரபியல் காக்கப்பட்டுவிடவுமில்லை. தனிமனித சத்தியத்துடன், வினவுதலைத் தண்டியாத நிறுவனங்களும் வேண்டும். கலிலியோவுக்கு இழைக்கப்பட்ட தவறைப் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் 1992இற் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அக்காலத் தாழ்வு, நிறுவனங்கள் எத்துணை மெதுவாகக் கற்கின்றன என்பதற்குச் சான்று.

தமிழ் வாசகனுக்கு இவ்வினா அந்நியமானதன்று. எவர் வாய்க் கேட்பினும் ஒரு பொருளின் மெய்யைத் தானே காண்பதே அறிவென அறிவுடைமை அதிகாரத்தில் வரையறுத்த வள்ளுவர், பிறிதோர் உயிரின் நோயைத் தன் நோய்போற் கருதாவிடின் அறிவினால் ஆவது என்ன என இன்னாசெய்யாமை அதிகாரத்தில் வினவுகின்றார். முன்னையது தொலைகாட்டியின் முன் நின்ற கலிலியோவுக்கு உரியது. பின்னையது ஹிரோஷிமாவின் பின் எழுதப்பட்ட கலிலியோவுக்கு உரியது. இரண்டு அதிகாரங்களும் ஒரே நூலில் உள்ளன. அவற்றைத் தனித்தனியே மனனஞ் செய்வோர் பலர்; ஒன்றின் வினாவை மற்றதனிடம் கொண்டு செல்வோர் சிலரே.

நாடகத்தின் இறுதிக் காட்சியில் அந்திரேயா சுவடியுடன் எல்லையைக் கடக்கின்றான். வரலாற்றிலும் அந்நூல் 1638இல் ஒல்லாந்தின் லெய்டன் நகரில் அச்சேறியது. அவன் சுமந்து செல்வது குருவின் கண்டுபிடிப்புகளை மட்டுமன்று. குரு தன்மீது கூறிய தீர்ப்பையுமாகும். பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் பல அந்திரேயாக்களை எல்லை கடக்க அனுப்புகின்றன. அவர்கள் சுவடியைக் கொண்டு செல்வர் என்பதில் ஐயமில்லை. அத்தீர்ப்பையும் உடன்கொண்டு செல்வார்களா என்பதே பிறெக்ற்றின் நாடகம் விட்டுச் செல்லும் வினா.